மாத்திரைக்கும் விசா வேண்டுமாம்

ரத்த அழுத்த மாத்திரை சில அட்டைகளை வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்புவதற்குள் என்னுடைய ரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது. மருத்துவர் சீட்டு, கடை ரசீது, பிரிக்காத உறை எல்லாம் கேட்கிறார்கள். சரி, நியாயம். அடுத்து சுங்கப் படிவம். உள்ளே இருப்பது பரிசா, வணிக மாதிரியா, விற்பனைப் பொருளா என்று கட்டம் கட்டிக் கேட்கிறது. யாராவது ரத்த அழுத்த மாத்திரையைப் பரிசாகக் கொடுப்பார்களா? ‘மற்றவை’ என்று குறித்தால் அதிகாரியின் புருவம் உயர்கிறது.

போதை மருந்துகளுக்குக் கெடுபிடி வேண்டியதுதான். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினுக்கு 1961ஆம் ஆண்டு ஒப்பந்தம், பதற்றம் தணிக்கும் டயஸிபாமுக்கு 1971ஆம் ஆண்டு ஒப்பந்தம் என ஐ.நா. ஒப்பந்தங்களே இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத அப்பாவி மாத்திரை என்ன பாவம் செய்தது? அதே மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானத்தில் இறங்கினால், சொந்த உபயோகத்துக்கென்று பல நாடுகள் பேசாமல் விட்டுவிடுகின்றன. தபாலில் போனால் மட்டும் இறக்குமதி அனுமதி எங்கே என்கிறார்கள்!

இன்சுலின் அனுப்புகிறவர்கள் பாடு இன்னும் மோசம். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சுங்கக் கிடங்குக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

பொட்டலம் எங்கே என்று இணையத்தில் பார்த்தால், ‘பரிசோதனையில் உள்ளது’ என்ற ஒரே வரிதான். தொலைபேசியில் கேட்டால், பெறுநர்தான் விசாரிக்க வேண்டுமாம். அண்ணன் விசாரித்தால், அனுப்பியவரைக் கேட்கச் சொல்கிறார்கள்.