காலை எடுக்கச் சொன்னால், ஸ்டெம் செல்லுக்கு ஓடுவதற்கு முன்

"காலை எடுக்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் நிதானம் இருக்காது. அந்த நேரம் பார்த்து, ஸ்டெம் செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டாலே புது ரத்தக்குழாய் முளைக்கும் என்று யாராவது ஒரு வீடியோவை அனுப்புவார். உடனே நகை அடகுக்குப் போகும். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாதி உண்மையைச் சொல்லி விற்பவர்கள் மேல்தான் கோபம்.

ஸ்டெம் செல் சிகிச்சை பொய் இல்லை. பெங்களூருவின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், ஆரோக்கியமானவர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்களை பர்ஜர் நோய் (புகையிலைப் பழக்கத்தால் கை, கால் ரத்தக்குழாய்கள் அடைபடும் நோய்) வந்தவர்களின் கெண்டைக்காலில் செலுத்திப் பார்த்தது. 90 பேர் பங்கேற்ற சோதனையில், உடல் எடை கிலோவுக்கு 20 லட்சம் செல் பெற்றவர்களுக்கு வலி குறைந்தது, புண்ணும் நன்றாக ஆறியது. 2020-இல் அரசு அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்தச் சோதனையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. போலி ஊசியோடு ஒப்பிடவும் இல்லை.

அது சின்ன விஷயம் இல்லை. நெதர்லாந்தில், கால் ரத்தக்குழாய் அடைபட்ட 160 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2015-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு அவரவர் மஜ்ஜைச் செல்கள், இன்னொரு பிரிவுக்குப் போலி மருந்து. வலி இரண்டு பிரிவிலும்தான் குறைந்தது! ஆறு மாதத்தில் காலை இழந்தவர்கள் செல் பெற்றவர்களில் 19 சதவீதம், மற்றவர்களில் 13. பெங்களூரு சோதனையிலிருந்து இதில் செல்லும் வேறு, செலுத்திய விதமும் வேறு என்பது சரிதான். ஆனாலும் "எனக்கு வலி போயிடுச்சு" என்று ஒருவர் வீடியோவில் சொல்வதை எப்படிச் சான்றாக எடுத்துக்கொள்வது?

பர்ஜர் நோய்க்குப் பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாமே எரிபொருள். என் பெரியப்பா ராத்திரியெல்லாம் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருப்பார்; அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் இறங்கி வலி தணியும். அந்த நிலையிலும் பீடியை விட முடியவில்லை. புகையிலையை அடியோடு நிறுத்துவதைவிடப் பெரிய மருந்து இந்த நோய்க்கு இன்றுவரை இல்லை. இதை எந்த விளம்பரமும் சொல்லாது.

முதலில் ரத்தநாள அறுவை நிபுணரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. அடைபட்ட குழாயைச் சரிசெய்யப் பலூன், ஸ்டென்ட், பைபாஸ் எதற்காவது வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறமும் ஸ்டெம் செல்தான் என்றால், அது அனுமதி பெற்ற மருந்தா, ஆராய்ச்சியா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டே பில்லையும் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.