95% துல்லியம் என்ற கணக்கில் ஒரு திருத்தம்

"பிரவுசர் ஏஜென்ட் ஒவ்வொரு படியையும் 95% சரியாகச் செய்கிறது, அதனால் இருபது படி வேலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். (பிரவுசர் ஏஜென்ட் என்றால், நாம் சொன்ன வேலையை இணையப் பக்கங்களில் தானே கிளிக் செய்து, தட்டச்சு செய்து முடிக்கும் AI.) கணக்கு அப்படி வராது. ஒரு படி தப்பினால் அடுத்ததெல்லாம் அந்தத் தப்பின் மேல்தான் நடக்கும். 0.95-ஐ இருபது முறை பெருக்கிப் பாருங்கள், சுமார் 36% தான் மிஞ்சும். ஒவ்வொரு படியும் 99% சரி என்று வைத்தாலும் 82% தான். நடுவில் தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்துவதும் உண்டு, சரி. ஆனால் எல்லாப் பிழையும் அதன் கண்ணில் படாது.

இன்வாய்ஸ் தேதிகளைப் படிவத்தில் ஏற்றச் சொன்னேன். ஏப்ரல் 3 என்ற பொருளில் இருந்த 03/04-ஐ மார்ச் 4 என்று போட்டுவிட்டது. பிழைச்செய்தி எதுவும் இல்லை, பச்சை டிக்தான் வந்தது. மாதக் கடைசியில் கணக்கு இடித்தபோதுதான் தெரிந்தது.

அப்புறம், இணையப் பக்கத்திலோ மெயிலிலோ யாரோ ஒளித்து வைத்த வரியை ஏஜென்ட் உங்கள் கட்டளை என்று எடுத்துக்கொண்டு அதன்படி நடக்கவும் கூடும். பேங்க் லாகின் திறந்திருக்கும் பிரவுசரில் தயவுசெய்து ஓட விடாதீர்கள், அதற்கென்று பிரவுசரில் உங்கள் லாகின்கள் இல்லாத தனி புரொஃபைல் வையுங்கள். தகவல் திரட்டுவதையும் படிவம் நிரப்புவதையும் அது செய்யட்டும். அது நிரப்பியதைப் படித்துப் பார்த்துவிட்டு, சப்மிட் பட்டனை மட்டும் நீங்களே அழுத்துங்கள்.