ஓ.டி. கணக்கில் பிழையில்லை, பேசிக்கில்தான் விளையாட்டு

போன கிழமை பக்கத்து வீட்டுத் தங்கச்சி சம்பளச் சீட்டோடு வந்தாள். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் வீடு. “அண்ணா, நாற்பது மணித்தியாலம் ஓ.டி. செய்தனான். 7,500 தான் போட்டிருக்கினம். கள்ளக் கணக்கோ?”

கணக்குச் சரி. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாரம் 45 மணித்தியாலத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு, அதுதான் ஓ.டி., ஒன்றரை மடங்கு. ஒரு மணித்தியாலக் கூலிக்கு பேசிக்கை, அதாவது மாத அடிப்படைச் சம்பளத்தை, 240ஆல் பிரிப்பார்கள். அவளுடைய பேசிக் 30,000. மணித்தியாலம் 125, ஒன்றரை மடங்கு 187.50. நாற்பதால் பெருக்கினால் சதம் பிசகாமல் 7,500.

ஆனால் அவளுக்குப் பேசிய சம்பளம் 45,000. மிச்சம் 15,000 “வருகை ஊக்கம்”, “விற்பனை ஊக்கம்” என்று இரண்டு வரியாகக் கீழே கிடக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 30,000. அதைத் தொட்டு நிறுத்திவிட்டு மீதியை வேறு பெயரில் கொடுக்கிறார்கள். முழுவதும் பேசிக்காக இருந்திருந்தால் ஓ.டி. 11,250 வந்திருக்கும்.

ஓ.டி.யை விடுங்கள், அது திருவிழாவோடு போய்விடும். மாதாமாதம் போவது ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளி 8, முதலாளி 12 வீதம், ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் முழுக்க முதலாளியின் கையிலிருந்து. முதலாளி கட்டும் 15 வீதத்தை 45,000க்குப் பாராமல் 30,000க்குப் பார்த்தால் அவளுக்கு மாதம் 2,250 குறைகிறது. ஓ.டி. காசுக்கு ஈ.பி.எஃப். கிடையாது என்பதால், இரவிரவாக நின்றாலும் அந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் ஏறாது.

இது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருடம் ஒரு கடையின் கணக்குப் பகுதியில் இருந்து இப்படிச் சீட்டு அடித்தவனே நான்தான். ‘ஊக்கம்’ என்று தட்டும்போது கை கூசவில்லை, இப்போதுதான் கூசுகிறது.

“கூட ஓ.டி. செய்தால் வரி வெட்டுவினமாம்” என்றாள். ஓ.டி.யும் வருமானத்தில் சேரும், உண்மைதான். ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 வரை வரியே இல்லை. அந்தக் கதையை யார் கிளப்பினார்கள் என்று கேட்டேன். “கடையில மனேச்சர்.”

சீட்டை நாலாக மடித்தாள். “நாளைக்குக் கேட்கவோ அண்ணா?”

கேள் பிள்ளை, ஆனால் தனியப் போகாதே. உன்னோடு நிற்கிற மற்றப் பிள்ளைகளின் சீட்டையும் முதலில் வாங்கிப் பார் என்றேன்.