இழுத்தடித்தால் லாபம்

நைஜீரியாவின் ஓகோனிலாந்தில் நிசிசியோக்கென் ஓகாலே என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மக்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்று நீரில், புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவைவிட 900 மடங்குக்கும் மேல் இருந்தது. ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் போவது அரசு எண்ணெய் நிறுவனத்தின் குழாய். ஆகவே தனியார் மட்டும்தான் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது வேறொரு விஷயத்தில். எண்ணெய் கொட்டிய பிறகு, எவ்வளவு காலம் இழுத்தடிக்கிறார்களோ அவ்வளவுக்கு நிறுவனத்துக்கு லாபம். அப்படித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் பாறைத்திட்டில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. துப்புரவுக்கு, கப்பலின் உரிமையாளரான எக்ஸான் எண்ணெய் நிறுவனம் 200 கோடி டாலர் அளவுக்குச் செலவு செய்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் 32,000க்கும் மேற்பட்ட மீனவர்களும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், 1994இல் நடுவர் குழு தண்டனையாக விதித்தது 500 கோடி டாலர். மேல்முறையீடு, மறுபடி மேல்முறையீடு என்று போய், 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை 50.75 கோடியாகக் குறைத்தது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. வழக்குத் தொடுத்தவர்களில் பலர் அதற்குள் இறந்தே போனார்கள். அந்தக் கடற்கரையில் கற்களைப் புரட்டினால் அடியில் எண்ணெய் இருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கழித்தும் கண்டார்கள்.

அடுத்து போடோ. நைஜர் டெல்டாவில், அதே ஓகோனிலாந்தில் உள்ள மீனவ ஊர். 2008இல் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் குழாய் இரண்டு முறை வெடித்துக் கசிந்து, கழிமுகமும் அலையாத்திக் காடும் எண்ணெயில் மூழ்கின. டெல்டாவில் எண்ணெய்த் திருட்டும் நாசவேலையும் உண்டுதான், ஷெல் எப்போதும் அதைத்தான் சொல்லும். ஆனால் இந்த இரண்டு கசிவுகளும் குழாயின் கோளாறு என்று ஷெல்லே ஒப்புக்கொண்டது. கொட்டிய அளவையோ முதலில் குறைத்துக் காட்டிவிட்டு, 2014இல்தான் அது தவறு என்றது. ஊர் முழுவதற்கும் முதலில் தர முன்வந்த தொகை 4,000 பவுண்டு! மக்கள் லண்டனில் வழக்கறிஞர்களைப் பிடித்து வழக்குப் போட்டார்கள். 2015இல் அதே நிறுவனம் அதே ஊருக்கு 5.5 கோடி பவுண்டு கொடுத்தது. அந்த வழக்கறிஞர்கள் கிடைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? கடலும் எண்ணெயும் அதேதான், கணக்கு மட்டும் 4,000 என்றே நின்றிருக்கும்.

இதற்குப் பக்கத்தில் மெக்ஸிகோ வளைகுடாவை வைத்துப் பாருங்கள். 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் என்ற கடல் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளிகள் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் பீறிட்டது. இரண்டே மாதத்தில், வெள்ளை மாளிகை நெருக்கியதும், இழப்பீட்டுக்காக 2,000 கோடி டாலரை ஒதுக்கி வைக்க, அந்தக் கிணற்றின் சொந்தக்காரரான பிபி எண்ணெய் நிறுவனம் சம்மதித்தது. முடியாத காரியம் இல்லை என்று அன்றே தெரிந்துபோனது. பாதிக்கப்பட்டவர்களின் பின்னால் பலமான அரசு நின்றால் பொறுப்பு இரண்டு மாதத்தில் வருகிறது, இல்லாவிட்டால் ஏழு வருடம், பத்தொன்பது வருடம். இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு ஆண்டறிக்கையில் பச்சை இலை படம் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நான் கேட்பது இரண்டுதான். கசிந்த எண்ணெயின் அளவை நிறுவனமே அளந்து சொல்லக்கூடாது, வெளியாள் அளக்க வேண்டும். அப்புறம், தோண்டுவதற்கு முன்பே துப்புரவுக்கான பணத்தைக் கட்டிவைக்க வேண்டும், வழக்கு முடிந்த பிறகு அல்ல.

இதில் இரண்டாவது ஏன் அவசரம் என்றால், 2025 மார்ச்சில் ஷெல் தன் நைஜீரிய நிலப்பகுதித் தொழிலை வேறொரு கூட்டமைப்புக்கு விற்றுவிட்டது. ஓகோனிலாந்தைச் சுத்தம் செய்ய 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று அதே 2011 அறிக்கை சொல்லியிருந்தது. விற்றபோது அந்த அறிக்கை வந்து பதினான்கு ஆண்டுகள்கூட முடிந்திருக்கவில்லை.