ஜெனரேட் ஆன ஃபைலில் கை வைக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

நேற்று ராத்திரி தீர்ந்துபோன பிழை இன்று காலை பத்தரைக்கு மறுபடி எழுந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த மாதத்தில் இது இரண்டாவது முறை.

எங்கள் புரோகிராமின் விளக்கமும் கோடும் (code) சேர்ந்து ஒரே ஆர்க் ஃபைலில் (ஈமாக்ஸ் எடிட்டரின் Org வடிவம்) இருக்கின்றன. இப்படி எழுதுவதற்கு லிட்டரேட் புரோகிராமிங் என்று பெயர். டேங்கிள் செய்தால், அதாவது அதிலிருந்து கோடை மட்டும் பிரித்தெடுத்தால், ஓடக்கூடிய பைதான் ஃபைல் வரும். அதன் முதல் வரியிலேயே ‘இது தானாக உருவானது, இங்கே திருத்தாதீர்கள்’ என்று போட்டிருக்கிறேன். ராத்திரி 11.40-க்கு நம் சகா அந்த வரியைத் தாண்டிப் போய், டைம்அவுட்டை (பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை) 5 நொடியிலிருந்து 30 ஆக்கி, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) கமிட் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் நான் விளக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன். வெறும் எழுத்துப்பிழை! டேங்கிள் செய்தேன். பழைய ஃபைலின் மேல் எழுதட்டுமா என்று அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. 30 மறுபடி 5 ஆகிவிட்டது. அப்படியே கமிட் போட்டு, டிப்ளாய் செய்து பயன்பாட்டுக்கும் விட்டாயிற்று.

அப்புறம் இரண்டு மணி நேரம் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டோம், டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டோம். பிழை எங்கே என்று சொல்லும் ட்ரேஸ்பேக், பைதான் ஃபைலின் 412-ஆம் வரியைக் காட்டுகிறது. ஆர்க் ஃபைலில் 412-ஆம் வரியில் இருப்பது கோடே இல்லை, விளக்கப் பத்தி!

‘பைதான் ஃபைலில் செய்த திருத்தத்தை ஆர்க் ஃபைலுக்குத் திருப்பிக் கொண்டுபோக டீடேங்கிள் இருக்கிறதே’ என்று யாரும் வராதீர்கள். டேங்கிள் செய்யும்போதே, எந்தக் கோடு ஆர்க் ஃபைலில் எங்கிருந்து வந்தது என்று காட்டும் லிங்க் கமெண்டுகளைப் போட்டிருந்தால்தான் அது வேலை செய்யும். போட்டிருந்தேன். ‘தேவையில்லாத கமெண்ட்’ என்று சகா அவற்றை அழித்துவிட்டார்.

கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1984-இல் இந்த லிட்டரேட் புரோகிராமிங் முறையைப் பற்றி எழுதியபோது அவர் கையில் இருந்த வெப் (WEB, இணையம் அல்ல) கருவியைப் பாருங்கள். அதன் டேங்கிள் தள்ளும் பாஸ்கல் கோடில் எழுதியவரின் கமெண்ட் மிஞ்சாது, இன்டென்ட் கிடையாது, எல்லாம் பெரிய எழுத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும். படிக்கவே முடியாததை யார் திருத்துவார்கள்? மாற்ற வேண்டுமென்றால் மூலமான வெப் ஃபைலுக்கோ, திருத்தங்களைத் தனியே வைக்கும் சேஞ்ச் ஃபைலுக்கோ போயே ஆக வேண்டும். இன்றைய கருவிகள் கையால் எழுதியது போலவே லட்சணமாகக் கோடைத் தருகின்றன. பார்த்தவர்கள் எல்லாம் கை வைக்கிறார்கள்.

மூன்று மாதமாகக் கெஞ்சுகிறேன். டேங்கிள்-மோடு என்ற அமைப்பில் 444 (படிக்க மட்டும் அனுமதி) கொடுத்து பைதான் ஃபைலைப் பூட்டுவோம். ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐயில் (CI) ஒரே ஒரு படி சேர்ப்போம்: டேங்கிள் செய், கிட்டில் வித்தியாசம் தெரிந்தால் அந்த மாற்றத்தை மெர்ஜ் செய்யாமல் (பொதுக் கோடில் சேர்க்காமல்) நிறுத்து. பத்து வரி வேலை. ‘அடுத்த ஸ்பிரிண்டில் (அடுத்த வேலைச் சுற்றில்) பார்க்கலாம்’ என்கிறார்கள். எத்தனை ஸ்பிரிண்ட் போய்விட்டது!

சரி, 30-ஐ ஆர்க் ஃபைலில் எழுதி, டேங்கிள் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து நிற்கிறான். கையில் அதே ஆர்க் ஃபைலிலிருந்து போன மாதம் எடுத்த பிடிஎஃப்.

“அண்ணா, இதுல டைம்அவுட் 10-னு போட்டிருக்கே?”

சிரிப்புதான் வந்தது. அவனை உட்காரச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.