‘ரெண்டு வருஷ விசா’வும் 30 நாள் அனுமதியும்

மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை என்று எங்கள் பக்கம் எந்தத் தெருமுனையில் நின்று கேட்டாலும் சிங்கப்பூருக்கு வழி சொல்ல நாலு பேர் இருப்பார்கள். கூத்தாநல்லூருக்குச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்றே பெயர். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப்போன தாத்தாக்களின் சீமை இது. இங்கே இருந்துகொண்டு அம்மாவின் விசா விஷயத்தில் நாங்கள் கோட்டை விட்டோம் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தம்பி அங்கே வேலையில் இருக்கிறான். அவன் மனைவிக்குப் பிரசவம். அம்மா போக வேண்டும். இந்திய பாஸ்போர்ட் என்றால் முன்கூட்டியே விசா வாங்கியாக வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். மறுத்தாலும் அது திரும்பி வராது. அதற்கு மேல் ஏஜெண்ட் கேட்பது அவரவர் பேரம். எங்கள் ஏஜெண்ட் மூன்றே நாளில் போன் செய்து, “ரெண்டு வருஷ மல்டிபிள் விசா வந்தாச்சு, கவலையே வேண்டாம்” என்றார். சாயங்காலத்துக்குள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: “ரெண்டு வருஷத்துக்குக் குடுத்திருக்கான்.”

நானும் தலையாட்டினேன்.

அந்த இரண்டு வருடம் என்பது, அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் இறங்கலாம் என்பதற்கான காலம் மட்டுமே. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அந்நாட்டுக் குடிநுழைவுத் துறை தனியாக முடிவு செய்யும். பெரும்பாலும் 30 நாள், சில சமயம் குறைவாகவும் இருக்கலாம். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித் தேதி தெரியும்படி கொடுப்பார்கள். இப்போது முத்திரை கிடையாது. தானியங்கிக் கதவு திறக்கும், நாம் வெளியே வருவோம். தங்கும் கடைசித் தேதி மின்னஞ்சலில் வரும். இ-பாஸ் என்கிறார்கள்.

எந்த மின்னஞ்சலுக்கு? அங்கே இறங்கும் முன் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையில் நாம் எழுதிக் கொடுத்த மின்னஞ்சலுக்கு. எங்கள் அட்டையை நிரப்பியவர் ஏஜெண்ட். அவர் எழுதியது அவருடைய முகவரி. அம்மாவின் இ-பாஸ் நாலு வாரமாக அவருடைய பெட்டியில், விமான டிக்கெட்டுகளுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது.

தம்பியும் கவனிக்கவில்லை. அவன் வேலை அனுமதியில் போனவன், விசிட் விசா விவரம் அவனுக்கும் புதுசு. 28ஆம் நாள் கூட வேலை பார்க்கும் ஒருவர், “உங்கம்மாவுக்கு எத்தனை நாள் கொடுத்தாங்க?” என்று பேச்சுவாக்கில் கேட்கப்போய்த்தான் விழித்தான். குடிநுழைவுத் துறையின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுப் பார்த்தால் மிச்சம் 2 நாள். கெடு முடிவதற்குள் நீட்டிப்புக் கேட்டு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கடைசி நேரத்தில் அதை நம்ப அம்மா தயாராக இல்லை. திருச்சி விமானத்தில் இடமில்லை. சென்னைக்கு டிக்கெட் எடுத்து, அங்கிருந்து மன்னை எக்ஸ்பிரஸில் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். பேத்திக்குப் பெயர் வைத்ததை வீடியோ காலில்தான் பார்த்தார்.

ஏஜெண்ட் மேல் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் பாதித் தப்பு எங்களுடையது. ஒரு மா நிலம் வாங்கினால்கூட வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் நாம் முன்பணம் கொடுப்பதில்லை. அம்மா பெயரில் வந்த ஒற்றைத் தாளை வீட்டில் ஒருவரும் படிக்கவில்லை. பெரியவர்களைப் பார்சல் மாதிரி கட்டி, ஒட்டி, ஏற்றி அனுப்பிவிடுகிறோம். எந்த முகவரிக்குப் போகிறோம், எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் என்றைக்கு என்பது போகிறவருக்கே தெரியாது. அங்கே தமிழும் ஆட்சிமொழிதான், பலகைகளில் தமிழ் இருக்கும். ஆனால் கேள்வி கேட்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எதை வைத்து நம்புவது?

அந்த வருகை அட்டை இலவசம். இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்திலோ செயலியிலோ நாமே நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையது அல்ல. பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

கெடு தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு: 90 நாள் வரை தாண்டினால் 4,000 டாலர் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அதற்கும் மேல் போனால் ஆண்களுக்குச் சிறையோடு குறைந்தது 3 பிரம்படி. ‘விசிட்ல போ, அங்க போய் பர்மிட் மாத்திக்கலாம்’ என்று நம் பையன்களிடம் லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் 20,000 டாலர் வரை அபராதமோ 2 வருடம் வரை சிறையோ உண்டு. வேலைக்குப் போகிறவன் கையில் கிளம்பும் முன்பே ஐ.பி.ஏ. கடிதம், அதாவது வேலை அனுமதிக்கான முதற்கட்ட ஒப்புதல் கடிதம், இருக்க வேண்டும். அது உண்மையா என்று அந்நாட்டு மனிதவள அமைச்சின் தளத்தில் பைசா செலவில்லாமல் பார்க்கலாம். காது வளையத்தை அடகு வைக்கும் முன் ஐந்து நிமிடம் பாருங்கள்.

அப்புறம் மூட்டை முடிச்சு. அம்மா குருமாவுக்கென்று கால் கிலோ கசகசா கட்டி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு அலறினார். நம் அஞ்சறைப் பெட்டிச் சாமான் அங்கே போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாத பொருள். அரைத்த பொடியில் சேர்த்திருந்தாலும் வேண்டாம். வாயில் மெல்லும் புகையிலைக்கும் தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கே இல்லை, ஒரு பாக்கெட் என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டோடு நிற்காமல் முன்அனுமதி தேவையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கசகசாவை விட அம்மா சம்மதித்தார். புகையிலையை விடத்தான் மூன்று நாள் பேச வேண்டியிருந்தது.

அந்த விசாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு மறுபடி கிளம்புகிறார். இந்த முறை அட்டையை நான்தான் நிரப்புகிறேன், மின்னஞ்சலும் என்னுடையது. நேற்றிலிருந்து புகையிலைக்குப் பதில் கிராம்பு போட்டுப் பழகுகிறார். என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.