விமான எரிபொருளுக்கு வரி போட 1944 ஒப்பந்தம் தடை விதிக்கிறதா?

“விமான எரிபொருளுக்கு எந்த நாடும் வரி போடக்கூடாது என்று 1944 சிகாகோ ஒப்பந்தம் தடுக்கிறது” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பகிரப்படுகிறது. இது தவறு.

சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான அடிப்படை விதிகளை வகுத்த அந்த ஒப்பந்தத்தின் 24ஆம் பிரிவு வரிவிலக்கு அளிப்பது, ஒரு நாட்டில் வந்திறங்கும்போதே விமானத்தின் தொட்டியில் இருந்து, புறப்படும்போதும் அதிலேயே இருக்கும் எரிபொருளுக்கு மட்டுமே. அங்கே புதிதாக நிரப்பப்படும் எரிபொருளைப் பற்றி அப்பிரிவு எதுவும் சொல்லவில்லை. சர்வதேசப் பயணங்களில் அதற்கும் பெரும்பாலும் வரி இல்லை என்பது உண்மைதான் என்றாலும், அந்த விலக்கு நாடுகள் தமக்குள் செய்துகொண்ட இருதரப்பு விமானச் சேவை உடன்படிக்கைகளிலிருந்து வருவது. இரு நாடுகளும் இசைந்தால் அதை மாற்றலாம். உள்நாட்டுப் பயணங்களுக்கோ அந்தத் தடையும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு எரிசக்தி வரி நெறிமுறை, 14ஆம் பிரிவில், உள்நாட்டு விமான எரிபொருளுக்கு வரி விதிக்க உறுப்பு நாடுகளை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? ஜிஎஸ்டிக்கு வெளியே வைக்கப்பட்டுள்ள விமான எரிபொருளுக்கு இந்தியாவில் மாநிலங்கள் மதிப்புக் கூட்டு வரி வசூலிக்கின்றன. அதைக் குறைக்கச் சொல்லி விமான நிறுவனங்கள் ஆண்டுதோறும் கோரிக்கை வைக்கின்றன. சட்டமே தடுத்திருந்தால் அந்தக் கோரிக்கைக்கு வேலையே இருந்திருக்காது.

ஒப்பந்தத்தின் முழு வாசகம் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இணையதளத்தில் உள்ளது. அந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.